மழைக்கு முன்னே லோடு வண்டிக்கு டயர் பார்ப்போம்

(வானொலியில் உழவர்களுக்காக நிகழ்த்திய உரை)

புரட்டாசி பிறந்துவிட்டால் நமக்குக் கை ஓயாத வேலை. வாய்க்கால் வெட்டுகிறோம், வரப்பு கட்டுகிறோம், வைக்கோல் போரை மூடுகிறோம். ஆனால் வாசலில் நிற்கிற லோடு வண்டியின் டயரைக் குனிந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? இன்று ஊருக்கு நாலு பிக்கப் வண்டி, நாலு குட்டியானை இருக்கிறது. நெல் மூட்டை, வாழைத்தார், பால் கேன், உரம் எல்லாம் அதில்தான் போகிறது. அந்த வண்டிக்கு அடைமழைக் காலத்துக்கு எந்த மாதிரி டயர் போடலாம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

டெல்டா பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்ன சங்கதியை முதலில் சொல்கிறேன். குறுவை அறுவடை நேரம். மழை பிடித்துக்கொண்டது. நெல்லில் ஈரம் ஏறினால் கொள்முதல் நிலையத்தில் கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க யோசிப்பார்கள். அதனால் வாய்க்கால் கரைச் சேற்றில் வண்டி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, பெரிய பெரிய பட்டன் உள்ள டயராக நாலு வாங்கி மாட்டிவிட்டார். வண்டியும் சேற்றில் ஜோராக ஏறி வந்தது. ஆனால் தார் ரோட்டில் ஒரு வளைவில் சைக்கிளில் பிள்ளைகள் வந்தார்கள். மகன் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போய் மதகுச் சுவரில் மோதி நின்றது. பிள்ளைகள் தப்பியது தெய்வச் செயல்.

"தம்பி, சேத்துல ஏறின வண்டி, நல்ல ரோட்டுல ஏன் நிக்கல?" என்று அந்தப் பெரியவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் டயர் வாங்குவதில் பாதி தெரிந்த மாதிரிதான்.

சேற்றுக்கு ஒன்று, தாருக்கு ஒன்று

வண்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஒரு மனிதனின் பாதம் அளவுதான். அந்த நாலு பாதத்தில்தான் வண்டியின் ஓட்டமும் நிறுத்தமும் அடங்கியிருக்கிறது.

தார் ரோட்டில் பிடிப்பு வேண்டுமானால், அந்தப் பாதத்தில் ரப்பர் நிறையப் பட வேண்டும். ரோட்டில் நிற்கிற தண்ணீர் டயரின் பள்ளங்கள் வழியாக வெளியே ஓட வேண்டும். பட்டன்களின் மேல் பிளேடால் கீறினாற்போல் சன்னமான கீறல்கள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஈர ரோட்டை அவைதான் கவ்விப் பிடிக்கின்றன.

சேற்றில் கதையே வேறு. அங்கே டயர் மண்ணுக்குள் பல்லைப் பதித்து இழுக்க வேண்டும். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே அகலமான இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சேறு அப்பிக்கொண்டு டயர் உருண்டைக் கட்டையாகிவிடும். இடைவெளி கூடினால் ரோட்டில் படுகிற ரப்பர் குறையும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைகிறது.

நமக்குத் தெரியாத விஷயமா இது? வண்டி மாட்டுக்கு லாடம் அடிக்கிறோம். சேற்று உழவு மாட்டுக்கு அடிப்போமா? டிராக்டருக்குக் கேஜ் வீல் போட்டுச் சேறு கலக்குகிறோம். அதோடு தார் ரோட்டில் போக முடியுமா? டயருக்கும் அதே நியாயம்தான்.

மூன்று வகை

முதல் வகை ரோடு டயர். பக்கச்சுவரில் பெரும்பாலும் எச்.டி. என்று போட்டிருக்கும். நெருக்கமான பட்டன், நேர்க் கோடுகள். தார் ரோட்டில் நன்றாக நிற்கும், நிறைய நாள் உழைக்கும். ஈரக் களிமண்ணில் வழுக்கும்.

இரண்டாவது சேற்று டயர், எம்.டி. என்பது. கைவிரல் நுழைகிற இடைவெளியோடு முரட்டுப் பட்டன் இருக்கும். சேற்றில் ராஜா. தார் ரோட்டில் இரைச்சல், தேய்மானம், டீசல் செலவு எல்லாம் கூடுதல். மழை ரோட்டில் பிரேக் போட்டால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். பெரியவர் வாங்கி மாட்டியது இதைத்தான்.

மூன்றாவது இரண்டுக்கும் நடுத்தரம். ஆல் டெரெய்ன் அல்லது ஏ.டி. என்பார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்கிற கதைதான். சேற்றில் எம்.டி. அளவு இழுக்காது, ரோட்டில் எச்.டி. அளவு நிற்காது. ஆனால் இரண்டிலும் கைவிட்டுவிடாது.

இதில் நமக்கு எது? ஒரு வாரம் வண்டி ஓடுகிற கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். சந்தைக்கும் மண்டிக்கும் தினம் 40 கிலோமீட்டர் தார் ரோடு, கொல்லைக்கு அரை கிலோமீட்டர் மண் பாதை என்றால், ரோடு டயரே போதும். அந்த அரை கிலோமீட்டருக்கு இரண்டு லோடு கிராவல் அடிப்பது டயர் மாற்றுவதைவிட லாபம். தினமும் நாலைந்து கிலோமீட்டர் வாய்க்கால் கரையிலோ செம்மண் தடத்திலோ போய் வருகிறவர்கள் ஏ.டி. போடலாம். தோட்டத்துக்குள்ளேயே ஓடுகிற, ரோட்டுக்கு அபூர்வமாக வருகிற வண்டிக்கு மட்டும் எம்.டி. சரி.

கரிசல் காட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாக ஊறிய கரிசல் எந்த டயரையும் விடாது. மெழுகு மாதிரி அப்பிக்கொள்ளும். அதற்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். வெயில் பட்டு மேல் மண் காய்கிறவரைக்கும் பொறுப்பதுதான் வழி.

பக்கச்சுவரைப் படியுங்கள்

டயர் கடையில் பெரும்பாலானவர்கள் பட்டனைத்தான் பார்க்கிறார்கள். பக்கச்சுவரில் இருக்கிற எழுத்தைப் படிக்கிறவர் குறைவு. சாக்குப்பையில் அச்சடித்த விவரம் பார்த்து உரம் வாங்குகிற நாம், டயரையும் அப்படித்தான் வாங்க வேண்டும்.

உதாரணமாக 215/75 ஆர் 15 என்று இருந்தால், 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம் என்று பொருள். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில். வண்டி கம்பெனி சொன்ன அளவையே வாங்குங்கள். "இன்னும் பெரிசா போட்டா வண்டி தூக்கலா நிக்கும்" என்று ஆசை காட்டுவார்கள். கேட்காதீர்கள். டயர் மட்கார்டில் உரசும், லோடு இழுக்கிற சக்தி குறையும், ஸ்பீடா மீட்டரும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எண்தான் சுமை எண். 98 என்றால் ஒரு டயர் தாங்குவது 750 கிலோ. 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900 கிலோ, 108 என்றால் 1000 கிலோ. பக்கத்தில் உள்ள எழுத்து வேகத்தைக் குறிக்கும்.

இங்கேதான் ஏமாந்து போகிறோம். ஏ.டி. டயர்களில் பல, ஆள் ஏறுகிற ஜீப் மாதிரி வண்டிகளுக்காகச் செய்தவை. அளவு ஒன்றாக இருக்கலாம், பார்வைக்கும் முரடாக இருக்கலாம். சுமை எண் குறைவாக இருக்கும். ஒரு கணக்குப் போடுவோம். லோடு ஏற்றியபின் உங்கள் வண்டியின் பின் அச்சில் 1800 கிலோ வருகிறது. இரண்டு டயர், ஒன்றுக்கு 900 கிலோ. சுமை எண் 104-க்குக் குறையக் கூடாது. 98 எண் டயர் மாட்டினால் ஒவ்வொன்றின் தலையிலும் 150 கிலோ அதிகம். அது சேற்றில் தெரியாது. சித்திரை வெயிலில், முழு லோடில், நெடுஞ்சாலையில் வெடிக்கும்போதுதான் தெரியும். ஆகவே பழைய டயரில், அதாவது வண்டியோடு வந்த டயரில், என்ன சுமை எண் இருந்ததோ அதற்குக் குறையாமல் வாங்குங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். பிறகு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டு 23-வது வாரம் செய்த டயர். "புது டயர்தாங்க" என்று கடையில் சொன்னாலும், பல வருஷம் கிடங்கில் கிடந்ததா என்று இந்த எண் சொல்லிவிடும்.

பனி மலைக் குறி நமக்கு வேண்டுமா?

சில ஏ.டி. டயர்களில் எம் பிளஸ் எஸ் என்று போட்டிருக்கும். சேறும் பனியும் என்பதன் சுருக்கம் அது. டயர் கம்பெனி தானே போட்டுக்கொள்கிற குறி. இன்னும் சிலவற்றில் மூன்று சிகரம் உள்ள மலையும், நடுவில் பனிப் பூவும் வரைந்திருக்கும். இது பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்குத் தருவது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் இந்த மலைக் குறி உள்ள டயரைத்தான் பனிக்கால டயராக ஒத்துக்கொள்கிறார்கள்.

சாதாரண ரப்பர், வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போகப் போக விறைத்துப் பிடிப்பை இழக்கும். பனி டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருக்கும். அது காஷ்மீர், லடாக், இமாசலம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு உதவும். நம் வெயிலில் அந்த மெத்தென்ற ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஊட்டியில் தை மாதம் உறைபனி விழுகிறதே என்று கேட்பீர்கள். அது பெரும்பாலும் புல்லின் மேல் விழுந்து வெயில் வந்ததும் கரைகிற பனி. கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறவர்களுக்கு உண்மையான எதிரி, மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவுதான். அவர்களுக்கு வேண்டியது ஈர ரோட்டில் நிற்கிற, பள்ளம் தேயாத டயர். பனிக் குறிக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

எந்த டயரும் தேய்ந்தால் ஒன்றே

எவ்வளவு உயர்ந்த டயரானாலும் தேய்ந்துவிட்டால் மொட்டை டயர்தான். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னத் திட்டு மாதிரி இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்தத் திட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. சட்டப்படியும் ஓட்டக் கூடாது. மழைக் காலத்தில் அதுவரைக்கும் காத்திருக்காதீர்கள். பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது. பள்ளம் இல்லாத டயருக்கு அடியில் தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும். வண்டி தண்ணீர் மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது.

பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால், புதிய இரண்டையும் பின் சக்கரத்துக்குப் போடுங்கள். வண்டியின் பின்பக்கம் வழுக்கிச் சுழல்வதுதான் ஆபத்து. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறு பக்கம் நைலான் என்று கலக்காதீர்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் நாலு டயரும் ஒரே வகை, ஒரே அளவாக இருக்க வேண்டும்.

காற்றும் சுமையும்

காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னே காற்றை அளந்து பிடியுங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். சேற்றில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் பரந்து நின்று இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் லோடு இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். வெறும் வண்டிக்குச் செய்தாலும், தார் ரோடு ஏறியதும் திரும்பப் பிடித்துவிட வேண்டும். டியூப் உள்ள டயரில் காற்று குறைந்தால் டியூப் நகர்ந்து வால்வு அறுந்துவிடும்.

நம் லோடு வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரம்தான் இழுக்கிறது. காலி வண்டியில் பின்னால் கனம் இல்லை. அதனால்தான் சேற்றில் சுற்றுகிறது. இரண்டு மணல் மூட்டையைப் பின் அச்சுக்கு நேரே போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மாட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதித்து முறுக்காதீர்கள், குழிதான் ஆழமாகும். தென்னை மட்டையோ வைக்கோலோ சக்கரத்துக்கு முன்னே திணித்து, இரண்டாவது கியரில் மெதுவாக நகர்த்துங்கள்.

நிறைவாக, அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். "அண்ணே, சேத்துல ஏறாத வண்டியால ஒருநாள் நெல்லுதான் நனையும். ரோட்டுல நிக்காத வண்டியால ஒரு குடும்பமே அழும். டயர் வாங்கும்போது, ஏறுமான்னு ஒருதரம் கேளுங்க; நிக்குமான்னு ரெண்டுதரம் கேளுங்க." அவர் எம்.டி.யைக் கழற்றிவிட்டு, சுமை எண் பார்த்து ஏ.டி. போட்டுக்கொண்டார். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டு நிற்கிற தூரம் நாலு மடங்காகும் என்பதை மகனுக்கும் சொல்லிவைத்தார்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. இந்தக் காலத்துத் தேருக்கு அச்சாணி டயர்தான். மழை வருவதற்கு முன்னே, நாளைக் காலையிலேயே ஒருதரம் குனிந்து பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.