பணம் வந்துவிட்டது, எந்தக் கணக்கில்?

போன பருவத்தில் ஒரு மதியம் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் பாஸ்புக்கை என் மேசையில் விரித்து வைத்தாள். கடைசி வரியில் இருப்பு 212 ரூபாய். "எல்லாருக்கும் ஸ்காலர்ஷிப் வந்துடுச்சு சார், எனக்கு மட்டும் வரல." குரலில் கோபம் இல்லை. தான் ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்ற பயம்தான் இருந்தது. ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். கணினியில் பார்த்தால், பணம் அனுப்பியாகிவிட்டது என்றே காட்டியது.

பிறகு ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அவளுடைய எண்ணைப் போட்டு, செல்போனுக்கு வந்த ஓடிபியையும் கொடுத்து, எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்று பார்த்தோம். திரையில் வந்தது வேறொரு வங்கியின் பெயர். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிளஸ் டூ விடுமுறையில் ஊரில் ஒரு முகாம் போட்டார்களாம். அம்மா கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கைரேகை வைக்கச் சொன்னாராம். அந்தப் பாஸ்புக் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. இரண்டு தவணைப் பணமும் அதில் பத்திரமாக இருந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கல்லூரியில் உதவித்தொகைப் பொறுப்பைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். திட்டமே இல்லாததால் பணம் கிடைக்காமல் போன பிள்ளைகளை நான் பார்த்தது குறைவு. ஒரு தேதி, ஒரு சான்றிதழ், ஒரு கைரேகை, இப்படிச் சின்ன இடங்களில் இடறித்தான் பெரும்பாலோர் பணத்தை இழக்கிறார்கள். அதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவும் இல்லை.

வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்ப்பது வேறு. அரசின் பணம் அந்தக் கணக்குக்கு வரும்படி வழிசெய்வது வேறு. இரண்டும் ஒன்று என்றே பெற்றோர் நினைக்கிறார்கள். ஒருவருக்கு நான்கு வங்கிகளில் கணக்கு இருக்கலாம், நான்கிலும் ஆதார் எண் கொடுத்திருக்கலாம். ஆனால் ஆதார் அடிப்படையில் வரும் அரசுப் பணம், தேசியப் பரிவர்த்தனைக் கழகத்தின் பதிவேட்டில் கடைசியாகப் பதிவான வங்கிக்கு மட்டுமே போகும். அதை மாற்ற வேண்டுமானால், வேண்டிய வங்கிக் கிளைக்குப் போய், "மானியப் பணம் இந்தக் கணக்குக்கே வர வேண்டும்" என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கு பயன்பாடு இல்லாமல் முடங்கியிருந்தாலும், பதினெட்டு வயதான பிறகு கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் பணம் திரும்பிப் போகும். முதலாம் ஆண்டில் சேர்ந்த வாரத்திலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.

இனி, சேர்க்கை நாளுக்குப் போவோம். அன்றைக்கு எடுக்கும் ஒரு முடிவு நான்கு ஆண்டுகளின் பணத்தையும் தீர்மானித்துவிடுகிறது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளுக்கு 2021இலும் சட்டம் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும். குடும்பத்தில் பட்டதாரியே இல்லை என்றால், தாசில்தார் தரும் முதல் பட்டதாரி சான்றிதழை வைத்துத் தொழிற்கல்வியில் படிப்புக் கட்டணச் சலுகை பெறலாம். 2010 முதல் இது நடப்பில் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவி உண்டு. ஆதிதிராவிடருக்கு மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் வரும் இந்த உதவியில், கட்டணம் போக, படிப்பைப் பொறுத்தும் விடுதியில் தங்குவதைப் பொறுத்தும் ஆண்டுக்கு 2,500 முதல் 13,500 ரூபாய் வரை படித்தொகையும் சேரும்.

இந்தக் கட்டணச் சலுகைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று இருக்கிறது. தொழிற்கல்வி என்றால் அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் 7.5 சதவீதமும் இல்லை, முதல் பட்டதாரி சலுகையும் இல்லை, போஸ்ட் மெட்ரிக்கும் இல்லை. மே மாதம் வீடு தேடி வரும் ஏஜென்ட் இதைச் சொல்லவே மாட்டார். "சீட்டு முடிஞ்சிடும், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க, ஸ்காலர்ஷிப் எல்லாம் காலேஜே வாங்கித் தரும்" என்பார். அந்த ஐயாயிரம் அட்வான்ஸுக்காகக் கலந்தாய்வைக் கைவிட்டு, பிறகு நான்கு ஆண்டும் வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டங்கள் தனி. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது; மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டுக்கும் கல்லூரி வழியாகவே பதிவு நடக்கும். பிளஸ் டூ தேர்வில் தங்கள் வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்கள், வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, வேறு உதவித்தொகை வாங்காதவர்களாக இருந்தால், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். அடுத்த ஆண்டு புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரிகளில் சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி திட்டத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் கிடைக்கிறது.

சான்றிதழ்களைப் பற்றிக் கொஞ்சம். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். மூத்த பிள்ளைக்கு வாங்கியதை இளையவனுக்கு நீட்ட முடியாது. சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெண்ணிப் பாருங்கள். "முத்துலட்சுமி" ஓரிடத்தில் "முத்துலெட்சுமி" ஆகியிருந்தால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும். திருப்பி அனுப்பிய தகவல் குறுஞ்செய்தியாக வரும். விண்ணப்பத்தில் கொடுத்த எண் பிரவுசிங் சென்டர்காரருடையது என்றால் அது உங்களுக்கு எட்டாது. திருத்துவதற்கான கெடு முடிந்த பிறகுதான் பிள்ளை வந்து நிற்பாள். பிளஸ் டூ முடிவு வரும்வரை காத்திராமல், ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் சான்றிதழ்களுக்குப் பதிவு செய்துவிடுங்கள். ஜூனில் தாசில்தார் அலுவலகத்தில் கூட்டம் தாங்காது.

போஸ்ட் மெட்ரிக் பெறும் மாணவரிடம் கல்லூரி முன்பணமாகக் கட்டணம் கேட்கக் கூடாது. 2021இல் வந்த மத்திய வழிகாட்டு நெறிமுறைகளில் ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடு இதற்காகவே இருக்கிறது. "இப்ப கட்டுங்க, அப்புறம் ஸ்காலர்ஷிப் வந்தா திருப்பித் தர்றோம்" என்று சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டதுமே பல இடங்களில் பேச்சு மாறிவிடுகிறது. அதே சமயம் மறுபக்கமும் ஒன்று உண்டு. கட்டணத்துக்கான பணம் மாணவர் கணக்குக்கே நேராக வந்தால், அதில் கல்லூரிக்கு உரியதைக் கட்ட வேண்டியது மாணவரின் பொறுப்பு. வந்த பணத்தை வீட்டுக் கடனுக்கோ அக்காவின் கல்யாணச் செலவுக்கோ எடுத்துவிட்டு, இறுதியாண்டில் தவிக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். குறை அவர்களுடையது மட்டுமல்ல. இது எதற்கான பணம் என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை.

கட்டண பாக்கிக்காக அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கலாமா? கூடாது. சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018இல் அறிவிக்கையே வெளியிட்டது. சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் பல வழக்குகளில் தெளிவுபடுத்தியிருக்கிறது. சேர்ந்த பிறகு வேறிடத்தில் சீட்டு கிடைத்தால், எத்தனை நாளுக்குள் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதற்கும் விதி உண்டு. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30க்குள் விலகியவர்களுக்கு முழுத் தொகையும் தர வேண்டும் என்று யு.ஜி.சி. சொன்னது. ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். நிர்ணயித்ததற்கு மேல் வசூலிப்பதை 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு நன்கொடைத் தடைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்காக எந்தச் சட்டமும் உங்களுக்காகப் பேசாது.

உதவித்தொகை போதாதபோது கல்விக் கடன். வங்கிப் படியேறவே கூசும் பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டும்: நான்கு லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது, அது ரிசர்வ் வங்கியின் விதி. மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரையிலும் சொத்தை அடகு வைக்கத் தேவையில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். கிளை மேலாளர் தன் விருப்பத்துக்கு விண்ணப்பத்தை நிராகரிக்கவும் முடியாது. அவருக்கு மேலுள்ள அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். எனவே "லோன் கிடைக்காதும்மா" என்று வாய்ப்பேச்சில் அனுப்பிவிட்டால் திரும்பி வராதீர்கள். விண்ணப்பத்தை இணையத்தில் பதிவு செய்து எண்ணை வாங்குங்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மாணவனின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் கூறியிருக்கிறது.

வட்டியைப் பற்றிப் பெரும்பாலோர் தவறாகவே நினைக்கிறார்கள். படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்றால், வட்டியும் ஓடாது என்று பொருள் இல்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் வாங்கி, வட்டி பத்து சதவீதம் என்று வையுங்கள். முதல் தவணை கட்டும் நாளில் வட்டி மட்டுமே 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரத் தரச்சான்று பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வி படித்தால் இந்த வட்டி முழுவதையும் மத்திய அரசே கட்டும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. வங்கி தானாகச் செய்யும் என்று விட்டுவிடாமல், வருமானச் சான்றிதழைக் கொடுத்து, பெயர் சேர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் சேர்வோருக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. எட்டு லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்குப் பத்து லட்சம் வரையிலான கடனில் மூன்று சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. சேர்க்கை மேசையிலேயே டேப்லெட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கும் தனியார் கடன்கள் வேறு வகை. அவற்றில் அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும்.

மோசடிக்காரர்களும் இந்தப் பிள்ளைகளைக் குறிவைக்கிறார்கள். "கல்வித் துறையிலிருந்து பேசுறேன், உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்க" என்பார்கள். பெண்ணின் பெயர், பள்ளி, மதிப்பெண் எல்லாம் சரியாகச் சொல்வதால் அம்மாக்கள் நம்பிவிடுகிறார்கள். பணம் வருவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண் போட்டால் பணம் போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

எங்கே முறையிடுவது? வங்கி என்றால் முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம், தொலைபேசி எண் 14448. அரசு உதவித்தொகை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். எதுவும் அசையாவிட்டால், "என் விண்ணப்பம் எந்தத் தேதியில், யார் மேசையில் இருக்கிறது" என்று பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். கிடப்பில் போன கோப்புகளை இந்த ஒரு கேள்வி எழுப்பிவிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கே கொடுத்தாலும் நகலில் முத்திரையோடு ஒப்புதல் வாங்காமல் நகராதீர்கள்.

அந்த மாணவி கணக்கை மாற்றிவிட்டு மறுவாரம் வந்தாள், இந்த முறை தம்பிக்காக. அவன் பிளஸ் டூ எழுதியிருக்கிறான், பொறியியல் ஆசை. "ஏழாவதுல இருந்து கவர்ன்மென்ட் ஸ்கூல்தான் சார். ஆறாவது மட்டும் பிரைவேட்ல படிச்சான்." கல்வி உரிமைச் சட்ட இடத்தில் படித்திருந்தால் தப்பலாம் என்பதால், அப்படிப் படித்தானா என்று கேட்டேன். இல்லை, ஃபீஸ் கட்டித்தான். அந்த ஓராண்டால் 7.5 சதவீதம் போயிற்று. கலந்தாய்வில் சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் கைகொடுக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது. நேற்று வீட்டுக்கு யாரோ வந்து சீட்டுக்கு அட்வான்ஸ் கேட்டாராம், அப்பா இன்று சாயங்காலம் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். தாழ்வாரத்துக்கு ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

"அப்பா, இன்னும் காசு குடுக்கலல்ல?"