ஓடியும் பலன் பெறாத சுண்டெலி

திருவண்ணாமலை மாவட்டம் சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை மூட்டையாக வரும் மல்லாட்டையில் (நிலக்கடலையில்) ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. நம் ரத்தக் குழாய்களின் உள்சுவரில் உள்ள ஒரு நொதி, ஆர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது. சில நொடிகளே நிலைக்கும் அந்த வாயு, குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. குழாய் விரிந்து, ரத்தம் தாராளமாகப் பாய்கிறது. இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ரத்த ஓட்டத்தை மிகவும் நம்பியிருப்பது மூளை. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள அது, நாம் இழுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. சேமித்துவைக்க அதற்கு வழியில்லை. ரத்தம் சில நிமிடங்கள் நின்றாலே மூளைச் செல்கள் சாகத் தொடங்கும்.

குழாய்ச் சுவரில் உள்ள அந்த நொதிக்கான மரபணுவையே நீக்கிவிட்டால்? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பால் ஹுவாங் குழுவினர் அப்படிப்பட்ட சுண்டெலிகளை உருவாக்கி, 1995இல் முடிவை வெளியிட்டார்கள். எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மறு ஆண்டு, மூளைக்குப் போகும் தமனி ஒன்றை அடைத்துப் பார்த்தபோது, சாதாரண எலிகளைவிட இவற்றுக்கு ரத்த ஓட்டம் அதிகமாகச் சரிந்தது. மூளையில் பாழான பகுதியும் 21 சதவீதம் பெரிதாக இருந்தது. ஏறிய அழுத்தம்தான் காரணமா? ஹைட்ரலசின் மருந்து கொடுத்து அழுத்தத்தை இயல்புக்குக் கொண்டுவந்தார்கள். அப்போதும் சேதம் கூடுதலாகவே இருந்தது. இந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்கவைத்த இடம் இதுதான். குழாய்ச் சுவர் நலமாக இருப்பதற்கென்று தனி மதிப்பு உண்டு.

அதே வாயுவை நரம்புச் செல்களில் உண்டாக்கும் வேறொரு நொதியை நீக்கியபோது, பக்கவாதச் சேதம் குறைந்தது. வாயு ஒன்றே, அது எங்கே உருவாகிறது என்பதைப் பொறுத்து நன்மை, தீமை மாறுகிறது.

2003இல் மத்தியாஸ் எண்ட்ரெஸ் குழுவினர் எலிகளைச் சில வாரம் சக்கரத்தில் ஓடவிட்டார்கள். ஓடிய எலிகளுக்குக் குழாய்ச் சுவர் நொதி பெருகியது, பக்கவாதச் சேதம் குறைந்தது. அந்த நொதிக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு ஓடியும் பலன் கிடைக்கவில்லை. ரத்தம் வேகமாகப் பாயும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் உராய்வுதான் நொதியை முடுக்குகிறது.

மனிதர்களான நமக்கு அந்த மரபணு இருக்கிறது. ஆகவே நடை பலன் தரும், பிரஷர் மாத்திரையும் பலன் தரும். ஹைட்ரலசின் கொடுத்த எலிச் சோதனையைக் காட்டி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வுப்படி, நாட்டில் வயதுவந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம்.

சேத்துப்பட்டு, தேவிகாபுரம், ஆரணி வட்டாரத்தில் பட்டு நெய்வோர் பகல் முழுக்கக் குழித்தறியில் அமர்ந்தே வேலை செய்கிறார்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவரும் பணியாளர், தறியைவிட்டு எழுந்து தினமும் எவ்வளவு நேரம் நடக்கிறீர்கள் என்றும் கேட்டு, அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும்.