தகெதோமித் தீவின் விருந்தில்லம்

ஜப்பான் நாட்டின் தென்மேற்குக் கோடியில், பெருந்தீவுகளினின்று நெடுந்தொலைவு விலகி, தைவானுக்கு அணித்தாக யாயெயாமா என்னும் தீவுக்கூட்டம் கிடக்கின்றது. அக்கூட்டத்தைச் சேர்ந்த இஷிகாகித் தீவின் துறையில் விரைபடகு ஏறினால், கால்மணி நேரத்திற்குள் தகெதோமித் தீவை அடையலாம். ஏறத்தாழ ஐந்தரைச் சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பும், ஒன்பது கிலோமீட்டர்ச் சுற்றளவும் உடைய சிறு தீவு அது. பவளப் பாறையின்மீது அமைந்த தட்டையான நிலம். அங்கே மலையில்லை, ஆறுமில்லை. மக்கள் சில நூற்றுவரே.

இத்தீவில் இரவு தங்க விரும்புவோர் பெரும்பாலும் நாடுவது 'மின்ஷுகு' எனப்படும் சிறு விடுதிகளையே. மின்ஷுகு என்பது வாணிகம் கருதிக் கட்டப்பட்ட மாளிகையன்று. ஒரு குடும்பத்தார் தாம் வாழும் வீட்டிலேயே சில அறைகளை ஒதுக்கி, வருவோர்க்கு இடமும் உணவும் அளித்து, அதற்கு அளவான கட்டணம் பெறுவர். இரவு ஒன்று, உணவு இரண்டு என்று சேர்த்தே கட்டணம் பேசுவது வழக்கம். மாலை உணவும் மறுநாட் காலை உணவும் அதனுள் அடங்கும். மூட்டை சுமக்க ஏவலாளர் இரார். படகுத் துறைக்குச் சிறு வண்டி கொணர்ந்து விருந்தினரை அழைத்துச் செல்பவர் பெரும்பாலும் அவ்வீட்டுத் தலைவரே. அடுக்களையில் நிற்பவர் அவர்தம் மனைவியார்.

ஊருக்குள் நுழைவோர் கண்ணை முதலிற் கவர்வன வெண்மணல் பரப்பிய தெருக்கள். கடற்கரையினின்று கொணர்ந்த பவள மணலே அது. இருட்டில் நடப்போர்க்கு வழி வெளிறித் தோன்றவும், 'ஹபு' என்னும் நச்சுப் பாம்பு குறுக்கிட்டால் எளிதிற் கண்டுகொள்ளவும் அம்மணல் உதவும் என்பர் ஊரார். தெருவின் இருமருங்கும் பவளக் கற்களாலான தாழ்ந்த மதில்கள் செல்லும். சாந்து பூசாமல் கல்லின்மேற் கல்லாக அடுக்கப்பட்டவை அவை. ஆண்டுதோறும் சூறாவளி வீசும் நாட்டில், காற்றை முற்றிலும் தடுக்கும் சுவரைவிட, அதனை இடுக்குகளின் வழியே சிறிது விட்டுக்கொடுத்துத் தணிக்கும் சுவரே நிலைக்கும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

மதிலின் வாயிலைக் கடந்தவுடன் வீடு நேரே தோன்றாது. 'ஹின்புன்' என்னும் மறைப்புச் சுவர் எதிரே நிற்கும். வெளியார் பார்வையையும் காற்றின் வேகத்தையும் ஒருங்கே தடுப்பது அது. வீடுகள் தென்திசை நோக்கியவை. ஆதலின் விருந்தினர் அச்சுவரின் வலப்புறமாகச் சென்றால் கிழக்கிலுள்ள முதன்மைக் கூடத்தை அடைவர். இடப்புறவழி மேற்கிலுள்ள அடுக்களைக்குச் செல்வது. கூரை செந்நிற ஓடுகளால் வேயப்பட்டு, ஓடுகள் காற்றில் பறவாதிருக்க வெண்சாந்தினால் பிணைக்கப்பட்டிருக்கும். கூரையின்மேல் அமர்ந்து தெருவை நோக்கும் 'ஷீசா' என்னும் காவற் சிங்கத்தைக் கொல்லர் பட்டறையிலோ சிற்பக் கூடத்திலோ செய்வதில்லை. ஓடு வேய்பவரே, எஞ்சிய ஓட்டுத் துண்டுகளையும் சாந்தையும் கொண்டு தம் மனம்போனவாறு ஆக்கி வைப்பர். அதனால் ஒன்று சினந்து நோக்கும்; மற்றொன்று நகைப்பதுபோல் வாய் திறந்திருக்கும்.

வாயிற்படியில் காலணிகளைக் கழற்றி வைத்தே உள்ளே செல்லல் வேண்டும். தரையில் 'ததாமி' என்னும் தடித்த பாய்கள் பதிக்கப்பட்டிருக்கும். கட்டில் இல்லை, இரவில் பஞ்சணையை விரித்துக்கொண்டு, விடிந்தபின் மடித்து அலமாரியில் வைத்துவிடுவர். அறைக்கும் அறைக்கும் இடையே காகிதம் ஒட்டிய தள்ளுகதவுகளே உள்ள வீடுகளும் உண்டு. அத்தகைய வீட்டில் அடுத்த அறையாரின் இருமலும் கேட்கும். தம் குரலும் அவர்க்குக் கேட்கும் என்று உணர்ந்து, வந்தவர் தாமே மெல்லப் பேசத் தொடங்குவர். குளியலறை அனைவர்க்கும் பொதுவாதலின், முறையறிந்து காத்திருத்தல் வேண்டும்.

நீரை வீணாக்காதிருத்தலும் இங்கு வெறும் சடங்கன்று. ஆறில்லாத இத்தீவினர் நெடுங்காலம் கிணற்று நீரையும் மழைநீரையுமே நம்பியிருந்தனர். 1976-ஆம் ஆண்டில்தான் இஷிகாகியிலிருந்து கடலடிக் குழாய் வழியாகக் குடிநீர் வரலாயிற்று.

மாலையுணவு குறித்த நேரத்தில் இடப்படும். வெவ்வேறு ஊரினின்று வந்தோர் ஒரே பலகையைச் சுற்றி அமர்வர். பாகற்காயை முட்டையும் சோயாக் கட்டியும் சேர்த்து வதக்கிய 'சம்புரு', கடலில் விளையும் திராட்சை போன்ற பாசி, மீன், சோறு, சாறு ஆகியன பெரும்பாலும் இருக்கும். உண்டபின் முற்றத்தில் அமர்ந்து அளவளாவுதல் ஒகினாவாப் பகுதியின் வழக்கம். அதற்கு 'யுந்தாகு' என்று பெயர். வீட்டுத் தலைவர் 'சான்ஷின்' என்னும் மூன்று நரம்பு யாழை எடுத்து, அத்தீவிலேயே பிறந்த பாடல்களை இசைப்பதும் உண்டு.

பகலில் இஷிகாகியிலிருந்து வந்து எருமை வண்டியில் ஊர் சுற்றுவோர் கூட்டம் மிகுதி. கடைசிப் படகு புறப்பட்டபின் அத்தீவே வேறாகிவிடுகின்றது. தங்கியோர் மேற்குத் துறைக்கு நடந்து சென்று ஞாயிறு கடலில் மறைவதைக் காண்பர். 1938-இல் கட்டப்பட்ட அத்துறை, காட்சிக்கென அமைக்கப்பட்டதன்று. தகெதோமியின் பவளநிலத்தில் தினை விளையும்; நெல் விளையாது. எனவே ஊரார் எதிரே தோன்றும் இரியோமொதேத் தீவுக்குப் படகேறிச் சென்று, அங்கே மலைக்காய்ச்சலுக்கும் அஞ்சாது நெல் பயிரிட்டு மீண்டனர். இன்று விருந்தினர் கால் நீட்டி அமரும் கல்லின்மேல் அன்று நெற்கட்டுகள் இறங்கின.

இத்தகைய தீவு ஒருகால் கைமாறிப் போகும் நிலை நேர்ந்தது. இரண்டாம் உலகப்போருக்குப்பின் ஒகினாவாவும் அதனைச் சார்ந்த தீவுகளும் அமெரிக்கர் ஆட்சியில் இருந்து, 1972-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் ஜப்பானிடம் திரும்பின. அதற்கு முந்திய ஆண்டில் நெடிய வறட்சியும் கடுஞ்சூறாவளியும் யாயெயாமாத் தீவுகளை அலைக்கழித்தன. பயிர் அழிந்தது, பலர் ஊரைவிட்டு வெளியேறினர். அந்நேரத்தில் வெளியூர்ச் செல்வர் வந்து குறைந்த விலைக்கு நிலங்களை வாங்கலாயினர். நொந்த உழவர்க்கு வந்த பணம் வரமாகவே தோன்றியிருக்கும். விற்றவரைக் குறைகூறல் எளிதன்று. ஆயினும் ஊரார் சிலர் எழுந்து, 'தகெதோமியை விற்காதீர்' என்று முழங்கினர். வந்தவர்க்கு நிலத்தைக் கொடுப்பதற்கு மாறாக, அவர்களை விருந்தினராக ஏற்று, பழைய வீடுகளைப் பழைய வடிவிலேயே காத்து, அதனால் வாழ்க்கை நடத்தலாம் என்னும் கருத்து வலுப்பெற்றது. மின்ஷுகு அத்தீவில் பிழைப்புக்குரிய தொழிலாயினமைக்கு இதுவும் ஒரு காரணம்.

1986-இல் ஊரார் கூடித் 'தகெதோமித் தீவின் சாசனம்' ஒன்றை வகுத்தனர். விற்காமை, மாசுபடுத்தாமை, ஒழுங்கு குலைக்காமை, இடிக்காமை, உள்ளதைப் பயன்கொள்ளல் என்னும் ஐந்தும் அதன் அடிப்படை. நீச்சலுடையோடு ஊருக்குள் திரிதல் கூடாது என்பது போன்ற சிறு செய்திகளையும் அது விடவில்லை. அடுத்த ஆண்டிலேயே ஜப்பானிய அரசு அவ்வூரை மரபுக் கட்டடங்களின் பாதுகாப்பு வட்டமாக ஏற்றது. ஆதலின் அங்கே வீடு கட்டுவோர் இன்றும் தாழ்ந்த கூரையையும் செவ்வோட்டையும் கைவிடுதல் இயலாது. ஆயினும் முன்னரே விற்ற நிலங்கள் தாமாகத் திரும்பிவிடவில்லை. 2019-ஆம் ஆண்டு முதல் தீவுக்கு வருவோரிடம் அவர்கள் விருப்பத்தின்படி ஆளுக்கு 300 யென் பெறப்படுகின்றது. இயற்கையைப் பேணுதற்கும், பிறர் கைக்குச் சென்ற நிலங்களை மீட்டு வாங்குதற்கும் உரிய பொருள் அது.

ஊரின் மக்கள்தொகை 1990-களின் தொடக்கத்தில் 250 அளவாகக் குறைந்து, பின்னர் 300-ஐக் கடந்தது. இளைஞர்க்கு ஊரிலேயே வேலை கிடைத்தல் அரிது. தீவில் உயர்நிலைக் கல்விக்கு இடமில்லாமையால், இளையோர் பதினைந்து வயதில் வீட்டைப் பிரிய நேர்கின்றது. அவருள் சிலர் ஆண்டுகள் கழிந்தபின் திரும்பி வந்து பெற்றோரின் விருந்தில்லத்தை ஏற்று நடத்துவர், பலர் வாரார். இலையுதிர் காலத்தில் நிகழும் தினை விதைப்பு விழாவாகிய 'தனதுயி'க்கு மட்டும் வெளியூர் சென்றோர் பலர் வந்து கூடுவர். அந்நாட்களில் அறைகள் உறவினராலேயே நிறைந்துவிடுவதால், அயலார்க்கு இடம் கிடைப்பது கடினம்.

விடியற்காலையில் தங்கியோரை எழுப்புவது துடைப்பத்தின் ஓசை. ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் மதிலோரத்து மணலைக் கூட்டி, உதிர்ந்த இலைகளை அகற்றி, மணலின்மேல் நேர்கோடுகள் தோன்றுமாறு செய்வர். முந்திய நாளின் அடிச்சுவடுகளும் வண்டித் தடங்களும் அதனோடு மறையும். விருந்தினருள் சிலர் தாமும் ஒரு துடைப்பம் கேட்டு வாங்கிக் கூட்டுவதுண்டு. வீட்டுத் தலைவியார் ஒருமுறை மறுத்து, மறுமுறை கொடுத்துவிடுவார். காலையுணவு முடிவதற்குள் முதற்படகு துறையை நெருங்கிவிடும்.