ஈ உட்கார்ந்தாலும் தெரியும்

அழிரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் பிதுங்கும், கன அளவு குறையாது. அதையே அகலமான தாளாக இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தம் அளக்கும் கருவியாக்கினால் பிதுங்கவும் இடமில்லை. லேசான தொடுகை அதில் பதியாது. விட்டாலும் உடனே பழைய நிலைக்கு வராது. மணிக்கட்டில் கட்டி நாடி பார்க்க இது ஆகுமா?

ஸ்டான்ஃபோர்டில் ஜெனான் பாவ் குழு 2010-இல் ஒரு தந்திரம் செய்தது. சிலிகோன் ரப்பரைப் பலாப்பழத் தோல்போல முள்முள்ளாக வார்த்தார்கள். ஒவ்வொரு முள்ளும் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள பிரமிடு. அழுத்தம் கூர்முனையில் குவிவதால் முனை சட்டென நசுங்குகிறது. ஒதுங்கிக்கொள்ளச் சுற்றிலும் காற்றுவெளி இருக்கிறது. தகடுகள் நெருங்க, இடையிலிருந்த காற்றும் குறைகிறது. மின்னூட்டத்தைத் தேக்கக் காற்றைவிட ரப்பரே அதிகம் உதவும். ஆக, மின்தேக்குதிறன் இரண்டு வழியில் ஏறுகிறது; கருவி அளப்பது அந்த ஏற்றத்தைத்தான்.

20 மில்லிகிராம் எடையுள்ள ஈயை வைத்தபோதுகூட அது பதிவாயிற்று. (சோதனைக்கு ஈயைத் தேர்ந்தெடுத்தவர் குறும்புக்காரராகத்தான் இருக்க வேண்டும்.) இத்தகைய கருவிகளுக்குத் தலைவலி வேறிடத்தில்: மணிக்கட்டைத் திருப்பினாலே போதும், தோலின் இழுவையையும் அழுத்தமென்று எண்ணிக்கொள்ளும்.