வரப்பிலே ஆவாரை, தோட்டத்திலே கத்திரி



போகிப் பண்டிகையன்று பல ஊர்களிலே வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் சேர்த்துக் காப்புக் கட்டுகிறோம். மற்ற நாளில், "வரப்பெல்லாம் புதர் மண்டிப் போச்சு" என்று அதையே வெட்டி எறிகிறோம். வெட்டுவதற்கு முன்னாலே, அந்தச் செடிக்கும் உங்கள் கத்திரித் தோட்டத்துக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பல பூக்களிலே மகரந்தப் பை வெடித்து, தூள் வெளியே வந்துவிடும். ஆவாரம்பூவும் கத்திரிப்பூவும் அப்படியல்ல. பையின் நுனியிலே சிறு துளைதான் உண்டு. பவுடர் டப்பாவைக் குலுக்கினால்தானே பவுடர் கொட்டும்? அதுபோல இந்தப் பூக்களையும் குலுக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள், காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கிற பெரிய கருவண்டு. வண்டு என்று நாம் சொன்னாலும் அது தேனீ இனம்தான். பூவை இறுகப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும், தூள் கொட்டும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை தெரியாது. காற்றில் ஆடியே கத்திரி ஓரளவு காய் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் வண்டு வந்துபோனால் பிஞ்சும் கூடுதலாகப் பிடிக்கும், காயும் திரட்சியாக இருக்கும்.

பூ உதிர்வதெல்லாம் வண்டு வராததால்தானா என்று கேட்பீர்கள். இல்லை. சூல்தண்டு குட்டையாக உள்ள கத்திரிப்பூ எப்படியும் உதிரும். நீண்ட தண்டுள்ள பூவும் உதிர்ந்தால்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

கத்திரி பூப்பது சில மாதம். வண்டுக்கோ மற்ற மாதங்களிலும் மகரந்தம் வேண்டும். அதை ஆவாரை தருகிறது. இந்த இரண்டு பூவிலும் தேன் கிடையாது. தேனுக்கு வண்டு எருக்கம்பூவைத் தேடிப் போகும். ஆகவே ஓரமாக எருக்கும் நிற்கட்டும்.

ஆவாரையைச் சுற்றி வெளிர் நிற வண்ணத்துப்பூச்சிகள் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை வருவது முட்டையிட. பச்சைப் புழு ஆவாரை இலையைத்தான் தின்னும், கத்திரியைத் தொடாது. அதற்காக மருந்து அடித்துவிடாதீங்க.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பசுந்தழைக்கு ஆவாரையை வெட்டினால், பாதிச் செடியைப் பூவோடு விட்டு வெட்டுங்கள். வரப்பிலே களைக்கொல்லி வேண்டாம். பட்ட மரக்கிளை, காய்ந்த மூங்கில் இரண்டொன்றை வேலியோரம் விட்டுவையுங்கள்; வண்டுக்கு அதுதான் வீடு. கத்திரிக்கு மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால், வண்டு நடமாட்டம் அடங்கிய பிறகு சாயங்காலத்தில் அடியுங்கள்.

செடி இல்லாதவர்கள், முற்றிய நெற்றிலிருந்து விதை எடுத்து, சொரசொரப்பான தரையில் லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, புரட்டாசி, ஐப்பசி மழையிலே வரப்போரம் ஊன்றுங்கள். வேர் பிடித்துவிட்டால் வறட்சியைத் தாங்கி நிற்கும். தனியாகத் தண்ணீர் கட்ட வேண்டியதில்லை.

வரப்பிலே நாலு ஆவாரை நிற்கட்டும். அதற்குக் கூலியைக் கத்திரிக்காயிலே வாங்கிக்கொள்ளலாம்.