தொப்பை, பிரஷர், பக்கவாதம்

2004-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சி.எஸ்.யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் 22.3. எந்த மருத்துவரிடம் போனாலும் ‘சரியான எடை’ என்றுதான் சொல்லியிருப்பார். உடம்பில் இருந்த கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம் என்று வந்தது. ஒரே பி.எம்.ஐ., இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு.

பக்கவாதம் வந்த வீட்டில் அடிக்கடி காதில் விழும் கேள்விக்கு இந்தப் படத்தில் பாதி விடை இருக்கிறது. “ஆள் ஒல்லியாத்தானே இருந்தாரு, அவருக்கு எப்படி ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு?” என்று கேட்பார்கள். கை, கால் ஒல்லிதான். சட்டைக்குள் இருந்த தொப்பையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஒல்லி உடம்பிலும் கொழுப்பு கூடும் இந்தப் போக்கு பிறக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பதையும் யாஜ்னிக் குழுவினரே காட்டினார்கள். புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் குறைந்திருந்தது பெரும்பாலும் தசைதான். முதுகுத் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒரே பி.எம்.ஐ.யிலும் நமக்குக் கொழுப்பு கூடுதல் என்பதால்தான், உலக அளவில் பொதுவாக பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டினால் அதிக எடை, 30-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று வைத்திருக்க, இந்தியர்களுக்கு அந்த எல்லைகளை 23, 25 என்று இறக்கினார்கள். வயிற்றுச் சுற்றளவுக்கும் தனி எல்லை உண்டு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80.

நாடு முழுக்க நடந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இன்டியாப்’ ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. அதை நடத்தியதில் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பெரியவர்களில் பொதுவான உடல் பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் என்றது அந்த ஆய்வு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. எடை மெஷின் ‘பாஸ்’ போட்டு அனுப்பிவிட்ட ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எடைக் கணக்கே மோசம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இங்கே பெண்களில் 40 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேரின் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல்.

வயிற்றை அளப்பதிலும் தவறு நடக்கிறது. வேட்டியோ பேன்ட்டோ தொப்பைக்குக் கீழே இறங்கித்தான் நிற்கும். அந்த இடத்தை அளந்துவிட்டு “நான் இன்னும் 34 தான்” என்று சொல்லிக்கொள்வது பயன்படாது. தையற்காரர் வைத்திருக்கும் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். டேப் முதுகுப்பக்கம் கீழே சரியக் கூடாது.

பக்கவாதத்துக்கு இந்த அளவு ஏன் முக்கியம் என்பதை ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆய்வு காட்டியது. 22 நாடுகளில் பக்கவாதம் வந்த 3,000 பேரையும், அதே எண்ணிக்கையில் வராதவர்களையும் ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்டார்கள். பி.எம்.ஐ.க்கும் பக்கவாதத்துக்கும் அதில் தெளிவான தொடர்பு தென்படவில்லை. வயிற்றுச் சுற்றளவுக்கும் பிட்டச் சுற்றளவுக்கும் உள்ள விகிதத்துக்குத் தொடர்பு நன்றாகவே தெரிந்தது.

வயிற்றில் இருக்கும் கொழுப்பு தலையில் இருக்கும் ரத்தக்குழாயை எப்படிக் கெடுக்கிறது? குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றித் தேங்கும் கொழுப்பு சும்மா கிடக்கும் சுமை இல்லை. ரத்தக்குழாயைச் சுருக்கும் ஹார்மோன்களுக்கான மூலப்பொருளை அது தயாரிக்கிறது. சிறுநீரகத்தை வெளியிலிருந்து அழுத்துகிறது. இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாமல் போகும்போது ரத்தத்தில் இன்சுலின் கூடுகிறது. அதுவும் சேர்ந்து, வெளியேற வேண்டிய உப்பைச் சிறுநீரகம் பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும். பிரஷர் ஏறுகிறது.

அந்தப் பிரஷரின் அடி மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அதிகமாக விழுகிறது. மூளையின் பக்கவாட்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியிலிருந்து மயிரிழை போன்ற சிறு குழாய்கள் மூளையின் உள்ளாழத்துக்குச் செங்குத்தாகப் பிரிகின்றன. பேராற்றின் கரையை வெட்டி நேராகத் திறந்துவிட்ட சின்ன வாய்க்கால் மாதிரி, பெரிய குழாயின் வேகம் படிப்படியாகத் தணியாமல் அப்படியே இவற்றில் பாய்கிறது. ஆண்டுக்கணக்கில் இதைத் தாங்கித் தாங்கிச் சுவர் தடித்து, உள்ளே வழி அடைந்துபோகும். இல்லாவிட்டால் சுவர் நைந்து வெடிக்கும். முதலாவது அடைப்பால் வரும் பக்கவாதம், இரண்டாவது ரத்தக்கசிவால் வருவது. மூளையிலிருந்து கைக்கும் காலுக்கும் போகும் நரம்பிழைகள் எல்லாம் ஒன்றாக நெருங்கிக் கடக்கும் பாதையும் இங்கேதான் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சேதமானாலும் ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிடுவது இதனால்தான்.

எடையால் வரும் கேட்டில் பிரஷரின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. 97 தொடர் ஆய்வுகள், 18 லட்சம் பேர். பருமனால் கூடும் பக்கவாத அபாயத்தில் நான்கில் மூன்று பங்கு பிரஷர், கொலஸ்ட்ரால், சுகர் ஆகிய மூன்றின் வழியாகவே வருகிறது என்றார்கள். கூடும் மொத்த அபாயத்தில் பிரஷர் மட்டும் 65 சதவீதம். மாரடைப்புக்கு இதே கணக்கைப் போட்டால் மூன்றும் சேர்ந்து பாதியைத்தான் தொடுகின்றன.

மருத்துவர்களும் நோயாளிகளும் கையில் எடுக்க வேண்டிய எண் இந்த 65-தான் என்று நினைக்கிறேன். எடை குறைப்பது கடினம். குறைத்ததைத் தக்கவைப்பது அதைவிடக் கடினம். பிரஷரைக் குறைப்பதற்கோ மலிவான மாத்திரை இருக்கிறது. அப்படியிருக்க, “முதல்ல பத்து கிலோ குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்” என்று 160-க்கு மேல் பிரஷர் உள்ள ஒருவரைத் திருப்பி அனுப்புவது தவறு. அவர் வெட்கப்பட்டுத் திரும்பி வராமலே போய்விடுவார். பருமனானவர்கள் ஏற்கெனவே போகிற இடமெல்லாம் புத்திமதி கேட்டுச் சலித்தவர்கள்.

எடையைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கிலோ குறைந்தால் மேல் பிரஷர் ஏறக்குறைய 1 மி.மீ. குறைகிறது. ஐந்து மி.மீ. குறைந்தால் பக்கவாத அபாயம் 13 சதவீதம் குறைகிறது என்று, மருந்துச் சோதனைகளைத் தொகுத்த 2021-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. ஆனால் எடைக்குறைப்பு மட்டுமே பக்கவாதத்தைத் தடுக்கும் என்பதற்கு நேரடி ஆதாரம் நாம் நினைப்பதைவிட மெலிந்தது. அமெரிக்காவில் பருமனும் சர்க்கரை நோயும் உள்ள 5,145 பேரில் ஏறக்குறைய பாதிப் பேரை உணவு, உடற்பயிற்சி வழியில் எடை குறைக்க வைத்துப் பார்த்த ‘லுக் அஹெட்’ ஆய்வை 2012-இல் நிறுத்தினார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் குறிப்பிடும்படி குறையவில்லை. செமாக்ளூடைட் ஊசியைப் பரிசோதித்த 2023-ஆம் ஆண்டு ‘செலக்ட்’ ஆய்வில் இதயமும் மூளையும் சார்ந்த பெரும் பாதிப்புகள் மொத்தத்தில் 20 சதவீதம் குறைந்தன. பக்கவாதத்தை மட்டும் தனியே பார்த்தால், உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறைவு இல்லை.

உப்புக்கு இருக்கும் ஆதாரம் இதைவிட வலுவாகத் தெரிகிறது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு முன்பே பக்கவாதம் வந்திருந்தது. பாதிக் கிராமங்களில் சமையலுக்கு வழக்கமான உப்பு; மீதியில் கால் பங்கு பொட்டாசியம் உப்பு கலந்தது. ஐந்தாண்டு முடிவில் கலப்பு உப்பு சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. எடையைப் பற்றி யாரும் பேசவே இல்லை. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த உப்பைத் தாங்களாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது, பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும்.) ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் அந்தத் தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும்.

இன்னொரு பழக்கம், பிரஷர் மாத்திரையை நிறுத்துவது. “இப்ப நார்மல் ஆயிடுச்சு டாக்டர், அதான் விட்டுட்டேன்” என்பார்கள். மாத்திரை போட்டதால்தான் நார்மல். 2021 ஆகஸ்ட் முதல் தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அவை அலமாரியில் அப்படியே கிடந்தால் பயனில்லை.

சுகர் பக்கவாத அபாயத்தைச் சுமார் இரண்டு மடங்காக்குகிறது. அதைப் பற்றி நம் வீடுகளில் ஓரளவு தெரியும். தெரியாமல் இருப்பது குறட்டையும் இதயத் துடிப்பும். கழுத்திலும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுக்குழல் மூடிக்கொள்ளும். மூச்சு சில விநாடி நின்று, ஆக்சிஜன் இறங்கி, திணறலோடு மறுபடி தொடங்கும். இரவில் இறங்க வேண்டிய பிரஷர் இறங்காமல் நிற்கும். இதயத்தின் மேலறை விரிந்து துடிப்பு தாறுமாறாகவும் ஆகலாம். அப்படித் துடிக்கும் அறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போய் அடைக்கும். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஐந்து மடங்கு என்று பிரேமிங்ஹாம் ஆய்வு 1991-லேயே சொன்னது. இ.சி.ஜி.யில் கண்டுபிடித்துவிட்டால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தால் இதைப் பெருமளவு தவிர்க்க முடியும்.

குறட்டை விடுபவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. பகலில் தூங்கி வழிவதையும் காலைத் தலைவலியையும் வேலைக் களைப்பு என்று சொல்லிக்கொள்வார். பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே பிரஷர் பார்க்கப் போகும்போது அவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். இரவில் நீங்கள் எப்படி மூச்சு விடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்காவிட்டாலும், அவரே சொல்லட்டும்.