வன்பொருள் நிறுவனங்கள் ஏன் தடுமாறுகின்றன?

மென்பொருள் தொழில் தொடங்கும் இளையருக்கு ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதும். நிரலில் பிழை இருந்தால் இரவோடு இரவாகத் திருத்தி, விடிவதற்குள் எல்லாப் பயனீட்டாளருக்கும் அனுப்பிவிடலாம். வாடிக்கையாளர் பத்துப் பேரானாலும் பத்தாயிரம் பேரானாலும் செலவு அதே விகிதத்தில் ஏறுவதில்லை. கையால் தொடக்கூடிய பொருளைச் செய்பவரின் நிலைமை வேறு.

நம் சிங்கப்பூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பைரேட் 3டி என்ற புதுத்தொழில் நிறுவனம், வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க ‘பக்கனீர்’ என்னும் முப்பரிமாண அச்சுப்பொறியை 2013இல் கிக்ஸ்டார்ட்டர் நிதிதிரட்டுத் தளத்தில் அறிமுகப்படுத்தியது. கேட்டது 100,000 அமெரிக்க டாலர், கிடைத்ததோ 1.4 மில்லியனுக்கும் மேல்! ஆனால் 2015இல் கையிருப்பு தீர்ந்துவிட்டது. பணம் கட்டிய பலருக்குப் பொறியும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை.

பதினான்கு மடங்கு கிடைத்தும் எப்படிப் போதாமற்போகும்? இப்படி முன்கூட்டியே வரும் பணத்தைக் கடன் என்றே கொள்ள வேண்டும். ஒன்றிரண்டு மாதிரிகளைச் செய்து பார்த்த நிலையிலேயே விலையை அறிவித்துவிடுகிறார்கள். உண்மைச் செலவு தெரிவது அதற்குப் பிறகுதான். பிளாஸ்டிக் உறைக்கு எஃகு அச்சு வெட்ட வேண்டும். ஓர் அச்சுக்கே பல ஆயிரம் டாலர் ஆகும். மூடி அரை மில்லிமீட்டர் பொருந்தாவிட்டால் அச்சைத் திருத்த வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த வாரங்களில் சம்பளமும் வாடகையும் நிற்குமா? ஒரேயொரு சில்லு வந்து சேராவிட்டாலும் பெட்டி தொழிற்சாலையை விட்டு நகராது. பொருளுக்குப் பத்து டாலர் குறைவாகக் கணக்கிட்டிருந்தால், நூறு பொருளில் நட்டம் ஆயிரம். ஐயாயிரம் பொருளில் ஐம்பதாயிரம். வரவேற்பு கூடக்கூடப் பள்ளமும் ஆழமாகும்.

ஒழுங்காகச் செய்து அனுப்பியவர்களும் தப்புவதில்லை. அமெரிக்காவின் பெபிள் நிறுவனம் 2012இல் அதே தளத்தில் 10 மில்லியன் டாலருக்கு மேல் திரட்டியது. சில மாதத் தாமதத்துடன் 2013 ஜனவரியில் கைக்கடிகாரங்களை அனுப்பத் தொடங்கியது. அதைச் சாய்த்தது சரக்கு. ஆண்டிறுதி விற்பனைக்கு வேண்டியதை மாதக்கணக்கில் முன்பே ஊகித்துத் தொழிற்சாலைக்குச் சொல்லியாக வேண்டும். 2015இல் எதிர்பார்த்த அளவு விற்காததால் பணம் கிடங்கில் முடங்கியது. 2016 டிசம்பரில் பெபிள் தன் செயற்பாட்டை நிறுத்தியது.

அதன் சொத்துகளில் ஒரு பகுதியை ஃபிட்பிட் வாங்கியது. எவற்றை என்கிறீர்களா? மென்பொருளையும் அதை உருவாக்கிய பொறியாளர்கள் சிலரையும். கடிகாரங்களை அது வாங்கவில்லை.